பிள்ளைகளுக்குக் கன உருவங்கள்: படிக்கட்டில் நின்று கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்குப் பல வருடம் கணக்கு எடுத்தவள் நான். இப்போது மதுரையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு காலையில் மொட்டை மாடியில் கணக்கு விளையாட்டு நடத்துகிறேன். கூட்டிப் போக வரும் அம்மாக்கள், தாத்தாக்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்றபடியே கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றில் கன உருவங்கள் பற்றியதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கன உருவம் என்றால் என்ன என்று நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம், கையில் கொடுங்கள். ஒரு தீப்பெட்டி, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு டார்ச் பேட்டரி, மூன்றும் போதும். வாசலில் போட்ட கோலத்தைக் கையால் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்பாள், எலுமிச்சம்பழத்தை எடுக்கலாமா என்றால் எடுத்தே காட்டிவிடுவாள். அந்த வயதுக்கு அவ்வளவுதான் பாடம். நீளம், அகலம், உயரம் மூன்றும் இருப்பதால் முப்பரிமாணம் என்ற விளக்கமெல்லாம் இரண்டு மூன்று வருடம் கழித்து வரட்டும். கை நிறையத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல் வரும்போது அதைப் போட்டு வைக்க மனதில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கும்.

எந்த வயதில் எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?

மூன்று, நான்கு வயதில் எது உருளும், எது உருளாது, எதை அடுக்கலாம். ஐந்து, ஆறில் பெயர்கள். ஏழு, எட்டில் முகம் (பக்கம்), விளிம்பு (இரண்டு பக்கம் சந்திக்கும் ஓரம்), முனை (மூலை) எண்ணுவது. அதற்கு மேல் பெட்டியைப் பிரித்து விரிப்பது, மறுபடி மடிப்பது. ஆனால் இதைக் காலண்டர் மாதிரி சுவரில் மாட்டிவிடாதீர்கள். நெதர்லாந்தில் பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே என்று ஒரு தம்பதி, இருவருமே ஆசிரியர்கள், 1957இல் தங்கள் ஆய்வுகளை முடித்தார்கள். பிள்ளைகள் முதலில் உருவத்தை முழுசாகப் பார்த்து 'இது பெட்டி மாதிரி இருக்கு' என்று அடையாளம் காண்கிறார்கள், பிறகுதான் அதன் பண்புகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவது வயதால் நடப்பதில்லை, கிடைத்த அனுபவத்தால் நடக்கிறது என்றார்கள். என் வகுப்பில் நான் கண்டதும் அதுதான். செங்கல் சூளையில் வேலை செய்கிறவரின் மகன் ஒருவன் ஒன்றாம் வகுப்பிலேயே 'படுக்கப் போட்டா, நிமித்திப் போட்டா' என்று கனசெவ்வகத்தின், அதாவது செங்கல் மாதிரிப் பெட்டி வடிவத்தின், மூன்று அளவுகளையும் பிரித்துப் பேசினான். அவனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

பந்தைக் காட்டினால் வட்டம் என்கிறான், பெட்டியைக் காட்டினால் சதுரம் என்கிறான். திருத்தலாமா?

'தப்பு' என்று சொல்லித் திருத்தாதீர்கள். அவன் அங்கே ஒரு வட்டத்தை உண்மையாகவே பார்க்கிறான். அந்த வட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுங்கள், போதும்.

அதற்கு நான் செய்வது கோலமாவு வேலை. ஒரு தட்டில் கோலமாவை மெல்லிசாகப் பரப்பி, பொருளை அதில் ஒற்றி எடுத்துக் கருப்புத் துணியிலோ கடப்பைக் கல் தரையிலோ வைக்கச் சொல்வேன். உருளை வடிவ டப்பாவை நிற்க வைத்து ஒற்றினால் வட்டம் விழும். படுக்க வைத்து ஒற்றினால் கோடு விழும். தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பி ஒற்றினால் மூன்று விதமான செவ்வகம் கிடைக்கும். பந்தை ஒற்றினால்? ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள், 'இவ்ளோ பெரிய பந்து இத்துனூண்டுதான் தொடுதா டீச்சர்' என்று ஒருத்தி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பந்து ஏன் நிற்காமல் உருண்டு ஓடுகிறது என்பதற்கான பதில் பாதி அந்தப் புள்ளியிலேயே இருக்கிறது.

கூடவே ஒன்று. கடையில் விற்கும் 'வட்டம்' என்ற பிளாஸ்டிக் வில்லை உண்மையில் வட்டம் கிடையாது, மெல்லிய உருளை. ஒரு ரூபாய் நாணயமும் அப்படித்தான். பத்து நாணயத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள். கோன், சிலிண்டர் என்றே சொல்லட்டுமா, தமிழ்ப் பெயரும் வேண்டுமா?

பள்ளியில் கேட்கும் பெயர் தெரிந்தாக வேண்டும், அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ்ப் பெயரை விட்டால் ஒரு பெரிய உதவியைக் கைநழுவ விடுகிறோம், ஏனென்றால் நம் பெயர்களுக்குள் பண்பே ஒளிந்திருக்கிறது. உருளை என்பதில் 'உருள்' இருக்கிறது. மாலையில் தாமரை இதழ் குவிவதைக் கூம்புதல் என்போம், கூம்பு என்பது அதே சொல், கை கூப்புவதும் அதற்குச் சொந்தம்தான். இரண்டு கையையும் கூப்பிக் காட்டி, மேலே எப்படிக் குவிகிறது பார் என்று சொன்னால் கூம்பு மறக்காது. விளிம்பு என்பது அவள் தினம் சாப்பிடும் தட்டின் விளிம்பு. முகம் அவளுக்கே இருக்கிறது. முனைக்கு நம் மதுரைப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, முக்கு. தெரு முக்கு, மேசை முக்கு. 'பெட்டிக்கு எத்தனை முக்கு' என்று கேட்டுத் தொடங்கி, ஒரு வாரம் கழித்துப் புத்தகத்தில் அதற்கு முனை என்று பெயர் என்று சொல்லுங்கள்.

சிலிண்டர் என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கேஸ் சிலிண்டர்தான் நினைவு வரும். அது மேலும் கீழும் உருண்டையாக வளைந்திருப்பதால் நல்ல உருளையும் கிடையாது. குழாய்ப்புட்டு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு.

முகம், விளிம்பு, முனை எண்ணும்போது எண்ணியதையே திரும்ப எண்ணிவிடுகிறாள். என்ன செய்வது?

எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், பெரியவர்களும் செய்கிறோம். பொருளைத் திருப்பும்போது எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகிறது. அதனால் எண்ணியதில் அடையாளம் வைக்க வேண்டும்.

ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்குங்கள். முகத்துக்குத்தானே பொட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். பொட்டில்லாத முகம் தீர்ந்ததும் நிறுத்தி, பொட்டுகளை எடுத்து வரிசையாக ஒட்டி எண்ணினால் கனசதுரத்துக்கு, அதாவது எல்லாப் பக்கமும் சதுரமான பெட்டிக்கு, 6. முனைக்குச் சப்பாத்தி மாவைக் குட்டிக் குட்டியாக உருட்டி ஒட்டலாம், 8. விளிம்புதான் கஷ்டம், ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே வர வேண்டும். அதிலும் மேலே நாலு, கீழே நாலு, தூண் மாதிரி நட்டுக்க நிற்பது நாலு என்று பிரித்துக் கொடுத்தால் 12 என்பது தானாக வரும், எண்ண வேண்டிய வேலையே இல்லை. நான் பொட்டும் மாவும் வைக்கிற இந்த வழிக்கு வந்த பிறகு என் வகுப்பில் 'ஏழு முகம்' என்ற பதில் வந்ததே இல்லை.

கொஞ்சம் பெரிய பிள்ளை ஒருத்தி, ஒரு முகத்துக்கு நாலு விளிம்பு, ஆறு முகத்துக்கு இருபத்துநாலு, ஆனால் பன்னிரண்டுதானே இருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் ஒரு விளிம்பில் விரலை வைத்து, இது எந்த முகத்துக்குச் சொந்தம் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு' என்றாள். எங்கள் தெருவில் எல்லாம் அப்படித்தான் வீடு.

உருளைக்கு விளிம்பு 2 என்று எழுதினாள், தேர்வில் தவறு என்று போட்டுவிட்டார்கள். எது சரி?

இந்தக் கேள்வியோடு விடைத்தாளையே கையில் கொண்டுவந்த அம்மாக்கள் உண்டு. தொடக்க வகுப்பில் பொதுவாகச் சொல்வது இது: உருளைக்குத் தட்டையான முகம் 2, வளைந்த முகம் 1, வளைந்த விளிம்பு 2, முனை இல்லை. கூம்புக்குத் தட்டை முகம் 1, வளைமுகம் 1, வளைந்த விளிம்பு 1, முனை 1. கோளத்துக்கு வளைமுகம் ஒன்றே ஒன்று, விளிம்பும் முனையும் கிடையாது. இந்தக் கணக்குப்படி உங்கள் மகள் எழுதியது சரி.

ஆனால் விளிம்பு என்றால் இரண்டு தட்டை முகங்கள் சந்திக்கும் நேர்க்கோடு மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு பாடம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கணக்கில் உருளைக்கு விளிம்பே இல்லை. இரண்டு வரையறையும் கணக்கில் புழக்கத்தில் இருப்பவைதான். வகுப்பில் எதைச் சொல்லிக் கொடுத்தோமோ அதன்படி திருத்த வேண்டும், சொல்லாமலே விட்டுவிட்டுப் பிள்ளை கையால் தடவிப் பார்த்து எழுதிய பதிலுக்குச் சிவப்பு மை போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஆசிரியரிடம் போய்ப் பொறுமையாகக் கேளுங்கள், உங்கள் வகுப்பில் விளிம்பு என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று. அதோடு ஒரு மூடியில்லாத டப்பாவின் வாயை மகளை விரலால் சுற்றித் தடவச் சொல்லுங்கள், அங்கே ஏதோ இருக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும்.

புத்தகப் படத்தைப் பார்த்து கனசதுரத்துக்கு மூன்று முகம் என்கிறானே?

படத்தில் மூன்றுதான் தெரிகிறது, அவன் சொல்வது நேர்மையான பதில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கரும்பலகையில் கனசதுரத்தை அழகாக வரைந்து வைத்துப் பாடம் நடத்தினேன். வகுப்பு முழுக்க 3 என்று எழுதியது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டேன். கன உருவத்தைத் தட்டையாகக் காட்டும் படம் ஒரு தனிப் பாஷை, அதைப் படிக்கவே தனியாகக் கற்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. பொருள் முதலில், படம் கடைசியில். பொருளைக் கையில் வைத்துக்கொண்டே, படத்தில் தெரிகிற அதே கோணத்தில் அதைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் 'இப்ப ஒளிஞ்சிருக்கிற முகம் எத்தனை' என்று கேளுங்கள். விரல் தானாகப் பின்னால் போய்த் தேடும்.

உருட்டுவதும் அடுக்குவதும் விளையாட்டுத்தானே, அதில் என்ன பாடம்?

நிறைய இருக்கிறது, என்னைக் கேட்டால் பெயர் சொல்வதைவிட இதுதான் பெரிய பாடம். ஒரு உருவத்தின் பண்பு என்பது அது என்ன செய்கிறது என்பதில் தெரிகிறது. ஒரு பலகையின் ஒரு முனையை இரண்டு புத்தகத்தின் மேல் ஏற்றிச் சரிவு ஆக்குங்கள். விடுவதற்கு முன்னால் 'இது உருளுமா, வழுக்குமா, அப்படியே நிற்குமா' என்று கேட்டுவிட்டு விட வேண்டும், அந்த முன்கேள்வி முக்கியம். பந்து எப்படி வைத்தாலும் உருளும். தீப்பெட்டி வழுக்கும் அல்லது நிற்கும். டப்பா உருள்வதும் வழுக்குவதும் நாம் வைக்கிற விதத்தைப் பொறுத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கூம்பை உருட்டுவது. சமதரையில் கூம்பைப் படுக்க வைத்துத் தள்ளினால் அது ஓடிப் போகாது, தன் முனையை நடுவில் வைத்து அதைச் சுற்றியே வட்டம் போடும், செக்கு மாடு மாதிரி. பழைய நோட்டு அட்டையைச் சுருட்டி, அடியை ஒழுங்காக வெட்டினால் கூம்பு தயார். அடுத்து எவர்சில்வர் டம்ளரை எடுங்கள். பார்க்க உருளை மாதிரி இருக்கும், எல்லோரும் உருளை என்றே சொல்வார்கள், படுக்க வைத்துத் தள்ளினால் நேராகப் போகாமல் வளைந்து திரும்பும். ஏன்? ஒரு பையன் மாடித் தரையில் டம்ளர் போன பாதையைச் சாக்பீஸால் வரைந்துகொண்டே போனான், பெரிய வட்டத்தின் ஒரு துண்டு வந்தது. வாய் அகலம், அடி குறுகல், இரண்டு பக்கச் சுவரையும் அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டே போனால் எங்கோ ஓர் இடத்தில் சந்திக்கும், அதாவது டம்ளர் முனை வெட்டப்பட்ட கூம்பு. அந்த வட்டத்தின் நடுப்புள்ளி அந்தக் காணாமல் போன முனை இருந்திருக்க வேண்டிய இடம். இதை நான் சொல்லவில்லை, டம்ளருக்குள் நோட்டுத் தாளைச் சுருட்டி வைத்துப் பார்த்து 'இதுக்கும் முக்கு இருந்துச்சு, யாரோ வெட்டிட்டாங்க' என்று அவனே கண்டுபிடித்தான். அன்று முழுக்க அவன் வீட்டில் டம்ளர்களுக்கு ஓய்வே இல்லை என்று அவன் அம்மா சொன்னார்.

பையில் கை விட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு எப்படி நடத்துவது?

மஞ்சப்பை ஒன்று போதும். உள்ளே நாலைந்து பொருள், பிள்ளை பார்க்காமல் கை விட்டு ஒன்றைப் பிடித்து, பெயர் சொல்லாமல் விவரிக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 'வழவழன்னு இருக்கு, ஒரு பக்கம் தட்டையா இருக்கு, ஒரே ஒரு முக்குதான் இருக்கு' என்று சொன்னால் எல்லோரும் கூம்பு என்று கத்துவார்கள். கண் பார்ப்பதை நாம் உடனே பெயராக மாற்றிவிடுகிறோம், விரலுக்கு அந்த அவசரம் இல்லை, அது பண்பு பண்பாகத்தான் போகும். பார்வைக் குறைபாடு உள்ள ஒரு சிறுமி எங்கள் மாடிக்கு வருகிறாள், இந்த விளையாட்டில் அவளை ஜெயிக்க இதுவரை யாராலும் முடியவில்லை, மற்ற பிள்ளைகள் அவளிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

குச்சி, களிமண் வைத்துச் செய்வதால் என்ன பயன்?

விளிம்பும் முனையும் அப்போதுதான் தனியாகக் கண்ணுக்குத் தெரியும். தென்னை ஈர்க்குச்சியை ஒரே நீளத்தில் வெட்டுங்கள், அதுதான் விளிம்பு. களிமண் உருண்டை முனை. மதுரையில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை, திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிறவர்களிடம் கேட்டால் பிசைந்த மண்ணே கிடைக்கும், பிள்ளைகளையும் கூட்டிப் போனால் மண் எப்படி உருவமாகிறது என்று பார்க்கலாம்.

கனசதுரத்துக்கு 12 குச்சி, 8 உருண்டை எடுத்துவர வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டு வாங்கி வர வேண்டும், நீங்கள் எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். கட்டி முடித்ததும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும், கனசதுரம் நேராக நிற்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சரியும். கூடவே 6 குச்சியும் 4 உருண்டையும் கொடுத்து நான்முகி செய்யச் சொல்லுங்கள், நாலு பக்கமும் முக்கோணமாக வரும், அது லேசில் அசையாது. சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது, அதுதான் காரணம். அப்புறம் சரிகிற கனசதுரத்தின் முகங்களில் குறுக்காக ஒரு குச்சி கட்டினால் என்ன ஆகும் என்று விட்டுவிடுங்கள். மறுநாள் வந்து செல்போன் டவரில் ஏன் அத்தனை குறுக்குக் கம்பி என்று அவர்களே சொல்வார்கள்.

இட்லி என்ன வடிவம்? முட்டை? வாழைப்பழம்?

எதிலும் சேராது, அதைச் சொல்லவும் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுங்கள். இட்லியைக் கொண்டுபோய் அரைக்கோளத்தில் திணிக்க வேண்டாம். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று பேசுவதுதான் பலன். அவித்த முட்டையை உருட்டிப் பாருங்கள், அதுவும் வளைந்துதான் வரும். ஏன் என்று டம்ளரை உருட்டிய பிள்ளையிடம் கேளுங்கள்.

பிளாஸ்டிக் வடிவப் பெட்டி, மரச் செட் எல்லாம் வாங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. நல்ல மரச் செட் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அளவும் வழவழப்பும் துல்லியமாக இருக்கும். நீல நிற மர உருவங்களும், 1 செ.மீ.யில் தொடங்கி 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்கள் கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரமும் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில் வருபவை. அவர் 1939இல் சென்னைக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார், 1940இல் இத்தாலியும் இரண்டாம் உலகப்போரில் இறங்கியதால் திரும்ப முடியாமல் போனதில் கொஞ்ச காலம் நம் பக்கத்துக் கொடைக்கானலிலேயே இருந்தார். மலையில் கிடைத்த இலை, பூ, பூச்சி எல்லாவற்றையும் பாடப் பொருளாக்கினார்கள். கையில் கிடைப்பதே பொருள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல.

வீட்டில் கிடைப்பதில் கஷ்டம் கனசதுரம் மட்டும்தான், தேடிப் பாருங்கள், கனசெவ்வகம் நூறு இருக்கும், கனசதுரம் லேசில் அகப்படாது. மஞ்சள் பூசணியில் அடிக்கோல் வைத்து 4 செ.மீ.க்கு வெட்டிக் கொடுத்துவிடுங்கள், விளையாடி முடித்ததும் மாட்டுக்குப் போடலாம்.

கனசதுரமும் கனசெவ்வகமும் வேறு வேறா?

ஒரே குடும்பம். இரண்டுக்கும் 6 முகம், 12 விளிம்பு, 8 முனை. எல்லா விளிம்பும் ஒரே நீளமாக அமைந்துவிட்ட கனசெவ்வகம்தான் கனசதுரம். சின்ன வகுப்பில் இதை வலியுறுத்த வேண்டாம், யாராவது கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

பெட்டியை விரித்துக் காட்டுவது எப்போது?

ஏழெட்டு வயதில். சோப்பு அட்டைப்பெட்டியை ஒட்டு பிரித்து, உள்ளே மடங்கும் காதுகளை வெட்டிவிட்டுத் தரையில் விரியுங்கள், ஆறு முகமும் ஒன்றாகத் தெரியும். கனசதுரத்தை இப்படி விரிக்க 11 விதம் உண்டு, திருப்பியும் சுற்றியும் வைத்து வருவதை ஒன்றாகவே கணக்கிட்டால். கட்டம் போட்ட நோட்டில் ஆறு கட்டம் சேர்த்து வெட்டி எது மூடுகிறது, எது மூடவில்லை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து தேடுவார்கள். 11ஐயும் அன்றே கண்டுபிடித்தாக வேண்டும் என்று இல்லை.

மதுரையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போய்க் காட்டலாம்?

எங்கே திரும்பினாலும் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலில் அந்தப் பெரிய உருளைத் தூண்களைக் கட்டிப் பிடிக்க எத்தனை பிள்ளைகள் கைகோக்க வேண்டும் என்று பாருங்கள். 1636இல் கட்டிய மகால், தூண்களைப் பார்த்தே மலைத்துப் போவார்கள். வண்டியூர்த் தெப்பக்குளம் தண்ணீர் இல்லாதபோது பூமிக்குள் இறக்கி வைத்த மூடியில்லாத பெட்டி மாதிரி இருக்கும், தண்ணீர் நிரம்பினால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் என்ன வடிவம் என்று கேட்கலாம்.

மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தைப் பிரமிடு என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிரமிடு ஒரு முனையில் முடியும், நம் கோபுரம் அப்படி முடிவதில்லை, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் பாதி உருளையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கூரை, அதன் மேல் வரிசையாகக் கலசம். ஆடி வீதியில் உட்கார்ந்து மெதுவாகப் பாருங்கள், கீழ மாசி வீதி நெரிசலில் நின்று பார்த்தால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

நேரம் இருந்தால் கீழடிக்குப் போங்கள், சிவகங்கை மாவட்டம்தான் என்றாலும் மதுரையிலிருந்து பக்கம், 2023இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அகழாய்வில் கிடைத்தவற்றில் உறைகிணறு உண்டு, சுட்ட மண் வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு. நாணயம் அடுக்கி உருளை செய்த பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் பொறி தட்டும். ஆறு முகப் பகடைக்காயும் அங்கே கிடைத்திருக்கிறது. வீட்டில் பாட்டியிடம் தாயக்கட்டை இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாயக்கட்டைக்கும் ஆறு முகம்தான், ஆனால் ஆட்டத்தில் சேர்வது நீளமான நாலு முகம்தான், அவற்றில் மூன்றில் 1, 2, 3 என்று புள்ளி, ஒன்று வெறுமை. இரண்டு கோடியிலும் இருக்கும் மீதி இரண்டு சின்ன முகம் ஏன் ஆட்டத்தில் சேரவில்லை? பத்துத் தடவை உருட்டச் சொல்லுங்கள், பதிலை அவர்களே சொல்வார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பையன் எல்லாவற்றையும் எண்ணிவிட்டேன், அடுத்து என்ன என்கிறான்.

எண்ணியதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். கனசதுரம்: 6 முகம், 8 முனை, கூட்டினால் 14. விளிம்பு 12. சதுர பிரமிடு: 5 முகம், 5 முனை, கூட்டினால் 10. விளிம்பு 8. முக்கோணப் பட்டகம் (கூடாரம் மாதிரி உருவம்): 5 முகம், 6 முனை, கூட்டினால் 11. விளிம்பு 9. ஒவ்வொரு தடவையும் முகமும் முனையும் சேர்ந்தால் விளிம்பைவிட 2 கூட வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை கவனித்து எழுதியது இது. பையன் தானே கண்டுபிடிக்கும்வரை பெயரைச் சொல்லாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த விதி தட்டை முகங்களால் மூடிய, நடுவில் ஓட்டை இல்லாத உருவங்களுக்கானது. உருளைக்கு 3 முகம், 0 முனை, 2 விளிம்பு என்று போட்டால் பொருந்தாது, கோளத்துக்கும் பொருந்தாது. கூம்புக்கு 2 முகம், 1 முனை, 1 விளிம்பு என்று போட்டால் பொருந்துவது போல வந்துவிடும், அதைப் பார்த்து வளைந்தவற்றுக்கும் விதி உண்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதே எச்சரிக்கை எனக்கு ஒரு பிள்ளை கொடுத்ததுதான்.

வீடியோ காட்டினால் போதாதா?

பொருளைத் தொட்டு விளையாடிய பிறகு பார்த்தால் நன்றாக இருக்கும். அதற்கு முன்னால் வேண்டாம், திரையும் ஒரு தட்டைப் படம்தான்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன், விவசாயி. பேத்திக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

மேலூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தாத்தா கேட்டார். ஐயா, களத்தில் நெல்லைக் கொட்டினால் அம்பாரம் எப்படி நிற்கிறது என்று கேட்டேன். கையைக் கூப்பிக் காட்டினார். பேத்தி 'கூம்பு தாத்தா' என்றாள். படியில் அளக்கும்போது தலை தட்டி அளந்தால் உருளை, குவித்து அளந்தால் உருளையின் மேல் ஒரு கூம்பு. அரிசி, கேழ்வரகு, கல்லுப்பு மூன்றையும் தனித்தனியாக ஒரே உயரத்திலிருந்து மெதுவாகக் கொட்டிப் பார்த்தார்கள் இருவரும், எது செங்குத்தாக நிற்கிறது, எது சரிந்து பரவுகிறது என்று. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை கடுகையும் ரவையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள், தாத்தா கொடுத்து அனுப்பியிருந்தார், எந்தக் கூம்பு உயரம் என்று நான் முதலில் சொல்ல வேண்டுமாம்.